சாப்டியா மாப்ள

மதுரையில் என் குரல் நான் இல்லாமலே ஊர் சுற்றும். ஆடித் தள்ளுபடிக்கும் புது பிரியாணிக் கடைக்கும் கண் பரிசோதனை முகாமுக்கும் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு போகிறார்களே, அதில் "தாய்மார்களே" என்று கூப்பிடுகிற பெண் நான்தான். கோச்சடையில் எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். தெருமுனையிலிருந்து நானே வருவேன். "வாங்க வாங்க, இன்னைக்கு விட்டா கெடைக்காது" என்று கத்தியபடி வாசலைக் கடந்து போவேன். முதலில் பெருமையாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. ஆனால் சில நாள், எப்போதோ பேசி நானே மறந்துபோனதை அது பேசிக்கொண்டு வரும். மூடிப்போன கடைக்கு ஆள் கூப்பிடும். அப்போது மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, யாருடி இவ என்று நினைப்பேன்.

ரிகார்டிங் செய்யும் இடம் செல்லூரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. இரண்டு பக்கமும் விசைத்தறி. தறி ஓடினால் மைக் ஸ்டாண்டு தானாக நடுங்கும். அதனால் தறிக்காரர்கள் மதியம் சாப்பிடப் போகும்போதுதான் எங்களுக்கு வேலை. தறி நின்ற நொடி, யாரோ காதில் பஞ்சை வைத்து அடைத்த மாதிரி இருக்கும். அந்த அமைதிக்குள் ஓடிப்போய் மளமளவென்று பேசிவிட்டு வந்துவிட வேண்டும். ஆண் குரலுக்கு ஆள் வராத நாளில் அதையும் நானே பேசுவேன். கிழவர், குடிகாரர், போலீஸ்காரர், மாப்பிள்ளை வீட்டுக்காரர், எது வேண்டுமோ அது. ஸ்டுடியோக்கார அண்ணன், "தங்கச்சி, ஒனக்குள்ள எம்புட்டுப் பேரு குடியிருக்காங்க?" என்பார். சிரித்துக்கொள்வேன். சிரிப்பதற்கு என்ன, அப்போது என் தம்பி பெங்களூரில் நன்றாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

அவன் அங்கே கம்பெனி விழா, பணக்காரக் கல்யாணம் நடத்திக் கொடுக்கிற வேலையில் இருந்தான். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான் என்று போன் வந்தது. அம்மாவும் நானும் அலறியடித்துப் போனோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தால், எங்கள் வீட்டுப் பையனைப் போட்டுத் துவைத்துப் பிழிந்து காயவைத்த மாதிரி இருந்தான். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கொகெய்ன் என்றார். எனக்கு அந்த வார்த்தை சினிமாவில் வில்லன் பெட்டிக்குள் இருப்பது. என் தம்பியின் மூக்குக்குள் அது எப்படிப் போகும்? இன்னொரு முறை அப்படி ஆனால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொன்னதும் அங்கே இருந்த தண்ணீர் கேன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மதுரைக்குக் கூட்டி வந்தோம். வாரம் ஒருமுறை மனநல டாக்டரிடம் நேரில் போய்ச் சிறுநீர் சோதனை கொடுத்துவிட்டு வர வேண்டும். அதற்குத் துணையாக ஆன்லைனில் ஒரு சிகிச்சையும் டாக்டரே ஏற்பாடு செய்தார். லேப்டாப்பில் வாரத்துக்கு ஒரு பாடம், வீட்டில் செய்து பார்க்கப் பயிற்சி, வெள்ளிக்கிழமை திரையில் ஒரு ஆலோசகர் மேடம். "இதுவே மருந்தில்லை, மருந்துக்குக் கைப்பிடி" என்று மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

எதைப் பார்த்தால் ஆசை கிளம்புகிறது என்று மேடம் கேட்டபோது, கேரம் போர்டில் பவுடர் தூவினால்கூட நெஞ்சு படபடக்கிறது என்று இவன் சொல்லியிருக்கிறான். கதவோரம் நின்ற அம்மா காதில் பவுடர் என்பது மட்டும் விழுந்திருக்கிறது. சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தால் வீட்டில் வெள்ளையாக ஒன்று இல்லை. முகத்துக்குப் போடும் பவுடர், கோலமாவு, மைதா, துணி சோப்புத் தூள், எல்லாம் போயிருந்தது. விபூதியை மட்டும் சாமி கோபித்துக்கொள்ளும் என்று விட்டுவைத்திருந்தாள். "அம்மா, ஒனக்கு என்ன கிறுக்கா?" என்று கத்தினேன். தம்பி பெங்களூரிலிருந்து வந்தபிறகு முதல்முறையாகச் சிரித்தான். அதனால் கத்துவதை நிறுத்திக்கொண்டேன்.

அந்தப் பாடங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஆசை வந்தால் மனம் முதல் பாதியைத்தான் காட்டுமாம், குஷியான பாதியை. பாதியில் நிறுத்தாதே, கடைசி வரைக்கும் ஓட்டிப் பார். ஆஸ்பத்திரிக் கட்டில் வரை, அம்மாவின் முகம் வரை ஓட்டிப் பார். அப்புறம் முடிவு செய். தம்பி இதை நன்றாகவே செய்தான். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், வேர்க்கும், பிறகு கண்ணைத் திறந்து தண்ணீர் குடிப்பான்.

அடுத்த பாடம் மறுத்துப் பேசுவது. யாராவது கூப்பிட்டால் மழுப்பாமல், காரணம் சொல்லாமல், வேண்டாம் என்று சொல்லிப் பழக வேண்டும். மேடமே திரையில் அந்தக் கூப்பிடுகிற ஆளாக நடித்துக் காட்டினார். பாவம், தங்கமான மனுஷி. ஆனால் அவர் கூப்பிட்டால் ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் டூருக்குக் கூப்பிடுவது மாதிரி இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. குரலை வைத்துச் சோறு தின்கிறவள் நான். என் தம்பி உயிர் போகிற விஷயத்துக்கு இப்படி ஒரு டேக்கை ஓகே பண்ணுவேனா?

"அவன் எப்படிடா பேசுவான்?" என்று கேட்டேன். அவன் என்றால், பெங்களூரில் இவனோடு ஒரே அறையில் இருந்து இவனுக்கு அதைப் பழக்கிவிட்டவன். அவனும் நம்ம பக்கத்துக்காரன்தான்.

"அதட்ட மாட்டான்க்கா. கெஞ்சவும் மாட்டான். ரொம்பப் பாசமாப் பேசுவான். மொதல்ல, சாப்டியா மாப்ளனு கேப்பான். அப்பறந்தான் எல்லாம்."

மதியம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். தொண்டையை இறக்கிப் பேசிப் பார்த்தேன். "இன்னும் மெதுவா" என்றான். பேசினேன். "சிரிப்பு உள்ள இருக்கணும், வெளிய வரக்கூடாது" என்றான். மறுபடி பேசினேன். "சாப்டியா மாப்ள? என்னடா மூஞ்சி வாடிக் கெடக்கு. சரி வா, சும்மா இருந்துட்டுப் போ." அவன் கையில் ரோமம் குத்திட்டு நின்றதைப் பார்த்தேன். "அவனேதான்க்கா" என்றான் தணிந்த குரலில்.

அப்போது அம்மா கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். தட்டில் மூன்று டம்ளர் டீ. எனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று கொடுத்துவிட்டு, மூன்றாவதை வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். "வந்த தம்பி எங்க?" என்றாள்.

"யாரும் வரலம்மா, நான்தான் பேசுனேன்" என்று அந்தக் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. டீயை மேஜையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்புகளைப் பார்த்துவிட்டு வந்தாள். எங்கள் வீட்டுச் செருப்புகள் தவிர வேறு இல்லை. அந்த மூன்றாவது டீ ஆடை கட்டி ஆறிப்போனது. அதை எடுத்துக் குடிக்க ஏனோ எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.

அதன்பிறகு தினமும் மதியம் பழகினோம். முதலில் திக்கினான். பிறகு, "வேணாம். எனக்குப் பழக்கம் இல்ல இப்ப. இனிமே கூப்பிடாத" என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல வந்துவிட்டது. நானும் விடவில்லை. புதுப்புது வழியில் மடக்கினேன். அம்மாவுக்குத் தெரியாது என்பேன், இன்னைக்கு ஒருநாள் என்பேன், நீ ரொம்ப நல்லவன்டா மாப்ள என்பேன். ஒருநாள், "அது எல்லாம் நீ எப்படிக் கண்டுபிடிச்ச? நான் சொல்லவே இல்லியே, அவன் அப்படியேதான் சொல்வான்" என்றான். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். வாராவாரம் சோதனையும் சுத்தமாக வந்துகொண்டிருந்தது. அம்மா மட்டும் தினமும் மூன்று டம்ளர் கொண்டு வைத்தாள். திட்டினாலும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் நான் செல்லூரிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே வழக்கம்போல, "சாப்டியாடா?" என்றேன். என் சொந்தக் குரலில்தான். சோற்றில் கை வைத்திருந்தவன் கையை எடுத்துவிட்டான். கன்னம் இழுத்துக்கொண்டது. கையைக் கழுவிவிட்டு அறைக்குள் போய்விட்டான். உடம்பு சரியில்லை போல என்று நினைத்தேன். மறுநாளும் கேட்டேன், மறுநாளும் அப்படியே எழுந்து போனான். நம் வீடுகளில் அதைக் கேட்காமல் ஒருத்தரோடு எப்படி இருப்பது? வேறு என்னதான் கேட்பது?

அந்த வாரமே ஒரு சாயங்காலம் அவன் அறைக்கு வெளியே துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே பேச்சு. அவன் போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. "வேணாம்" என்றான். கொஞ்சம் இடைவெளி. "எனக்குப் பழக்கம் இல்ல இப்ப." இடைவெளி. தனியாகப் பழகிப் பார்க்கிறான், சமத்து என்று நினைத்தேன். ஆனால் எனக்கு ஒரு தொழில் வியாதி உண்டு. இடைவெளி கேட்டால் அதில் என்ன வசனம் உட்காரும் என்று வாய் தானாக அளக்கும். அளந்தது. முதல் இடைவெளியில் 'என்னடா மூஞ்சி வாடிக் கெடக்கு' இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. அடுத்ததில் 'சும்மா இருந்துட்டுப் போ'. என் வசனங்கள், என் வேகம், நான் மூச்சு விடுகிற இடம்கூட மாறவில்லை. நான் வெளியே வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன், உள்ளே நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் ஒரு இடைவெளி வந்தது. நீளமான இடைவெளி. அந்த நீளத்துக்கு நான் எதுவும் பேசியதே இல்லை. எந்த வசனத்தை வைத்துப் பார்த்தாலும் மிச்சம் நின்றது. உள்ளே என்னவோ சொல்லப்பட்டுக்கொண்டிருந்தது, அது நான் சொல்லிக் கொடுத்தது இல்லை. முடிந்தபோது அவன் வேணாம் என்று சொல்லவில்லை.

கதவு திறந்தது. தலை சீவி, சட்டை மாற்றியிருந்தான். என்னைப் பார்க்காமல், "வெளிய போயிட்டு வாரேன்" என்றான். பெங்களூர் பஸ்ஸுக்குக் கிளம்புகிற பை தோளில் தொங்கியது. இந்தக் கால் வாசலைத் தாண்டினால் திரும்பி வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நில்லுடா என்று கத்த வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எந்தக் குரல் வெளியே வரும் என்று பயமாக இருந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அம்மாதான் வாசலில் குறுக்கே நின்றாள். அழவில்லை, கும்பிடவில்லை. "போறதுன்னா போ. உள்ள இருக்கானே அந்த ஆளு, அவனையும் கூட்டிட்டுப் போயிரு. அவனுக்கு நான் இனிமே டீ போட மாட்டேன்" என்றாள்.

தம்பி பையோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. "உள்ள இருக்கறது அவன் இல்லம்மா. அவன் கொரலு எனக்கு மறந்தே போச்சு. இப்பக் கூப்பிடறது பூராம் அக்காதான்" என்றான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? இவன் பிறந்தபோது அம்மாவுக்கு உடம்பு முடியாமல், இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்தவள் நான். என் குரல் கேட்டால் அழுகையை நிறுத்துவான் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அந்தக் குரல் இப்போது அவன் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு சாவுக்குக் கூப்பிடுகிறதாம். கோபம்தான் முதலில் வந்தது. லேப்டாப்பைத் தூக்கி வைகையில் வீசிவிடலாமா என்று இருந்தது.

அன்றைக்கே மேடத்தைப் பிடித்தோம். முழுவதையும் கேட்டுவிட்டு, "பயிற்சி முடிஞ்சதும் வேஷத்தைக் கலைப்பீங்களா?" என்றார். "ஒவ்வொரு தடவையும், நான் உன் அக்கா, இது நம்ம வீடுன்னு சொல்லி முடிச்சு, வேற பேச்சுக்குப் போகணும். அதனாலதான் எங்கூடச் செய்யச் சொன்னேன்." முகத்தில் பூசிய வேஷம் என்றால் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிடலாம். குரலை எதைப் போட்டுத் துடைப்பது? கேட்டேவிட்டேன். மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. "பேயும் இல்ல, வேற எதுவும் இல்லம்மா. தூரத்துல இருக்கிறவன் கூப்பிட்டது, பக்கத்துல இருக்கிற உங்க குரல்ல ஒட்டிக்கிச்சு. அது பழக்கம். பழகினது மாறும், ஆனா அவசரப்படக் கூடாது" என்றார்.

கொஞ்ச காலம் என் குரல் அவன் காதில் படாமல் இருக்கட்டும் என்று முடிவானது. டாக்டரும் சரி என்றார். வாடிப்பட்டியில் மாமா ஹாலோ பிளாக் கல் போடும் தொழில் செய்கிறார். தம்பியை அங்கே அனுப்பினோம், சோறாக்கிப் போட அம்மாவும் கூடப் போனாள். சிமெண்டுத் தூள் இருக்குமே என்று நான் இழுத்தேன். "அது சாம்பல் கலருடி" என்றாள் அம்மா. வெள்ளிக்கிழமை பாடம் அங்கேயே போனில் நடந்தது, வாராவாரம் சோதனைக்கு மட்டும் மாமா டாக்டரிடம் கூட்டிப் போய் வந்தார். எனக்கும் அவனுக்கும் பேச்சு இல்லை, மெசேஜ் மட்டும். குரலால் பிழைக்கிறவள், கூடப் பிறந்தவனிடம் விரலால் பேசிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நான் மட்டும். தனியாக இருப்பதில் எனக்குப் பயம் கிடையாது. ஆனால் தெருவில் என் ஆட்டோ வரும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்த ஆரம்பித்தேன். ஒரு காலை வாசலில் வந்த கீரைக்காரரிடம், "சாப்டீங்களாண்ணே?" என்றேன். அவர் நிமிர்ந்து எனக்குப் பின்னால் வீட்டுக்குள் பார்த்தார். அந்தக் குரலில் கேட்டிருக்கிறேன், எனக்கே தெரியாமல். கீரையை வாங்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன். ஸ்டுடியோவிலும் ஒருநாள் அது தானாக வந்தது. ஸ்டுடியோக்கார அண்ணனுக்கு ஒரே குஷி. "தங்கச்சி, இந்த ஆம்பளக் கொரலு அம்சமா இருக்கே! கேட்டா எவனும் மறுக்க மாட்டான். வீட்டுமனை விளம்பரத்துக்குப் போடுவமா?" என்றார். "போட்டீங்கன்னா மைக்கை ஒடச்சிருவேன்" என்றேன். பாவம், நல்ல மனுஷர், மிரண்டுபோய்விட்டார். தறி நின்ற அமைதியில் என் கோபம் எனக்கே நாராசமாகக் கேட்டது.

அவனை என் குரலுக்குத் திரும்பப் பழக்க மேடம் ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் என் பழைய விளம்பரம் ஒன்றைத் தம்பி வெள்ளிக்கிழமைப் பாடத்தில் மேடத்தோடு கேட்க வேண்டும், பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ், கடைசியில் போன். எப்போது என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். அவன் சொல்லவே இல்லை. வாரங்கள் போயின. சோதனை சுத்தமாகத்தான் இருந்தது. அம்மா போனில், "நல்லாத் திங்கிறான். ஆனா என்னைய ஒருவார்த்த கேக்க விடமாட்டேங்கிறான்" என்பாள். எந்த வார்த்தை என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ள மாட்டோம்.

ஒருநாள் மத்தியானம் மெசேஜ் வந்தது. 'அக்கா, இங்க ஒன் துணிக்கடை ஆட்டோ வந்துச்சு.'

எனக்கு உயிரே நின்றுவிட்டது. துணிக்கடைக்காரர் வாடிப்பட்டிப் பக்கமும் வண்டி விட்டிருக்கிறார், என்னிடம் யார் சொல்வார்கள்? அந்த நைட்டி விளம்பரத்தில் நான் என்னென்ன சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். வாங்க, யோசிக்காதீங்க, இன்னைக்கு ஒருநாள் மட்டும்தான். ஐயோ, ஒவ்வொன்றும் அந்தப் பெங்களூர்க்காரன் பேசுகிற வசனம்தான். இத்தனை வருஷமாக ஊர் முழுக்க இதைத்தானா சொல்லிக்கொண்டு திரிந்தேன்? தம்பி இப்போது எங்கே நிற்கிறான், தோளில் பை இருக்கிறதா என்று கேட்டு எழுத விரல் வரவில்லை.

அடுத்த மெசேஜ் வந்தது. 'ஓடிரலாம்னு தோணுச்சு. ஓடல. கடைசி வரைக்கும் நின்னு கேட்டேன். ஆட்டோ திரும்பி வந்துச்சு, மறுபடியும் கேட்டேன்.'

பிறகு இன்னொன்று. 'நைட்டி வேணாம்னு சொல்லிட்டேன்.'

சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, கண்ணும் மூக்கும் ஒழுகின. அதைத் துடைப்பதற்குள் போன் அடித்தது. மெசேஜ் இல்லை, அவனேதான் கூப்பிடுகிறான். எடுத்துக் காதில் வைத்தேன். பின்னால் ஜல்லி கலக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் பேசவில்லை. பேசினால் முதலில் வரப்போகிற வார்த்தை எது என்று எனக்குத் தெரியும். யாரோ மெஷினை நிறுத்தினார்கள். செல்லூரில் தறி நிற்பது மாதிரி சட்டென்று நின்றது.

"கேளுக்கா" என்றான்.

"என்னத்தடா?"

"எப்பவும் கேப்பியே, அதக் கேளு. நான் பாத்துக்கிறேன்."

தொண்டையைச் செருமினேன். நான் உன் அக்கா, இது நம்ம வீடு என்று எனக்கு நானே ஒருமுறை சொல்லிக்கொண்டேன். "சாப்டியாடா?" என்றேன்.

இடைவெளி. என் பாழாய்ப்போன வாய் அதையும் அளந்தது. நீண்டுகொண்டே போனது. அங்கே அவனுக்குள் யார் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ என்று, வாசலில் அம்மா மறித்து நின்ற மாதிரி நானும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சாப்டேன்க்கா" என்றான். "நீ சாப்டியா?"